எண்ணூர் கழிமுகத்தில் நஸ்ரினின் முக்காடு

எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று போனில் பார்க்காமல் நான் தூங்க மாட்டேன். அவ்வளவு பைத்தியம்! ஆனால் போன ஞாயிறு எண்ணூர் போனது நஸ்ரினுக்காக. ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீடு. தண்டையார்பேட்டையில் கணக்கு டீச்சர். கணவர் கனடாவில் கியூபெக் மாகாணத்தில் இருக்கிறார். அடுத்த மாதம் இவளும் போகிறாள். அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்கள் முக்காடு, சிலுவை, தலைப்பாகை எதுவும் அணியக் கூடாது. சட்டம். டீச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று கணவர் கேட்டிருந்தார். இவள் இன்னும் பதில் சொல்லவில்லை. கடல் காற்றில் யோசிக்கட்டும் என்று கூட்டிப்போனேன்.

காலை மின்சார ரயிலில் காத்திவாக்கம், சுமார் 12 கி.மீ. டிக்கெட் ஐந்தே ரூபாய்! அங்கிருந்து முகத்துவாரத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது.

"இன்னாம்மா, சாம்பல் பாக்கவா இம்மாந்தூரம் வந்துகினு கீறீங்க?" என்றார் டிரைவர்.

"கப்பல் பாக்கண்ணே."

"சரியாப்போச்சு!"

ஒரு பக்கம் சாம்பல் கக்கும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். மறுபக்கம் இடுப்பளவு நீரில் பெண்கள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூடையைப் பல்லில் கடித்தபடி. அவர்களில் ஒருவர், தலையில் துண்டு கட்டிய முனியம்மாக்கா, கரையேறி எங்களோடு டீ குடித்தார். நஸ்ரின் தன் கதையைச் சொன்னாள்.

"துணிதானேம்மா கீது? வெயிலுக்குக் கட்டிக்கினேன்னு சொல்லேன். என்னை எவன் கேக்குறான்?"

"அங்க பனிக்கா. வெயிலே கெடையாது."

"அப்ப குளுருக்குன்னு சொல்லு! இன்னா டீச்சரு நீ?"

மூவரும் சிரித்தோம். அக்காவே நஸ்ரினின் முக்காட்டைப் பின்கழுத்தில் இழுத்து முடிந்து, "இப்ப இது முண்டாசு" என்றார். நஸ்ரின் போனில் முகம் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீதுக்கா. ஆனா தெனம் பொய் சொல்லிகினு பசங்க முன்னாடி நிக்கணுமே."

முடிச்சை அவிழ்த்து, பழையபடி போட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "முக்காட எடுத்துட்டே வேலைக்குப் போயிடலாம்னுகூட நெனச்சேன் டி. வூட்ல கண்ணாடி முன்னாடி அவுத்துட்டு நின்னு, பின்னம் பாடம் நடத்திப் பாத்தேன். குரலே வரல."

என் கழுத்துச் சிலுவைக்கும் அங்கே அதே தடைதான். அதைக் கழற்றினால் என் குரல் போகுமா? தெரியவில்லை. என்னை யாரும் கழற்றச் சொன்னதில்லை.

அங்கேயே கணவருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "டீச்சர் வேலைக்கு எழுதிப் போட வேணாங்க. கடை, கிடங்கு, எதுனா பாருங்க." எட்டு வருட டீச்சர் வேலை, ஒரு மெசேஜில் முடிந்தது.

போகிறவர்களுக்கு: கழிப்பறை இல்லை, நிழல் இல்லை. தண்ணீர் எடுத்துப் போங்கள். வெள்ளை உடுப்பு வேண்டாம், சாம்பல் படியும். தண்ணீரில் வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். துணைக்கு வருபவர் பேசாமல் இருந்தால் பேச வைக்காதீர்கள்.

திரும்பும் ரயிலில் நஸ்ரின் ஏழாம் வகுப்பு விடைத்தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டு வந்தாள்.

"வழி சரி, விடை தப்பு. இவனுக்கு அரை மார்க் போடவா டி?"

"போடு."

கணக்கை முதலிலிருந்து படித்துவிட்டு, முழு மார்க் போட்டாள்.