என் செருப்பை ஆமி சுற்றி வளைத்த கதை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திகனயில் என் இடதுகால் செருப்பை ஆமி சுற்றி வளைத்தது.

சிரிக்காதீர்கள். துவக்கை நீட்டி, மதிலுக்குப் பின்னால் பதுங்கி, முறைப்படி சுற்றி வளைத்தார்கள். செருப்பு எதிர்ப்புக் காட்டவில்லை. 'கீ... கீ...' என்று கத்திக்கொண்டு படியில் கிடந்தது.

செருப்பு ஏன் கத்த வேண்டும்? அதற்குக் கமிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கமிலா பெரு நாட்டுப் பெண். அமெரிக்காவில் உயிர்மருத்துவப் பொறியியலில் ஆராய்ச்சிப் பட்டம் செய்கிறாள். அதற்காக இங்கே வந்து, அம்பிட்டியவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். மாநிறம், இடுப்பு வரை பின்னல். செக்பொயின்ற்றில் பார்த்தவுடனேயே முடிவு கட்டிவிடுவார்கள் — தமிழ்ப் பிள்ளை, இறக்கு கீழே! பாஸ்போர்ட்டைக் காட்டினால் அவளை விட்டுவிடுவார்கள். எனக்கு அந்த வழியும் இல்லை. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது.

அவள் செய்வது ஒரு செருப்பு. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முற்றினால் காலில் உணர்ச்சி குறையும். புண் வந்தாலும் தெரியாது. தெரியவரும்போது வெட்டி எடுக்க வேண்டியதுதான். கமிலாவின் அப்பாவுக்கு ஒரு கால் அப்படித்தான் போனது. பாதம் எந்த இடத்தில் அதிகம் அழுந்துகிறது என்று கண்டுபிடிக்கும் கருவியை அவள் செருப்பின் அடியில் வைத்துத் தைத்திருந்தாள். குதிகாலில் ஒரு கறுப்புப் பெட்டி, வயர் வேறு எட்டிப் பார்க்கும். பற்றரி இறங்கினால் கத்தும். நானும் சீனி வருத்தக்காரன் என்பதால் முதல் சோடி எனக்கு.

படிப்போடு நிற்கிற பிள்ளையா அவள்? கம்பனியும் தொடங்க வேண்டுமாம்! திகனயில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் நவாஸ் ஹாஜியாரைப் பிடித்துவிட்டாள். "ரிசல்ட் சரியா ஈந்தா நான் செஞ்சி விக்கிறேன் மகள்" என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

ரிசல்ட்தான் உதைத்தது. வத்தேகம, திகன, அம்பிட்டிய என்று பல வீடுகளில் செருப்புக் கொடுத்திருந்தாள். கொம்பியூட்டர் சொன்னது ஒன்றே ஒன்று: இந்த மனிதர்கள் நடப்பதே இல்லை! மாதம் முடிவதற்குள் உருப்படியாக ஏதாவது அனுப்பாவிட்டால் பல்கலைக்கழகம் திருப்பிக் கூப்பிட்டுவிடும். ஆராய்ச்சியும் போச்சு, கம்பனியும் போச்சு.

"அங்கிள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படுத்திருப்பீர்கள்?" என்று கவலையோடு கேட்டாள்.

என் மனைவி சும்மா இருப்பாளா? "இஞ்சாருங்கோ, காலமை வோக்கிங் எண்டு வெளிக்கிட்டு எங்க போய்க் குந்தியிருக்கிறனீங்கள்?"

நான் வோக்கிங் போவது கன்வஸ் சப்பாத்தில் என்று கத்திப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை ஹாஜியார் எங்களைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். "சப்பாத்தோட வாங்க மகள், பரவால்ல" என்றார். கமிலா அப்படியே உள்ளே போனாள். நான் பழக்கதோஷத்தில் செருப்பைப் படியில் கழற்றிவிட்டுப் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து பற்றரி இறங்க, அந்த நேரம் பார்த்து ரோந்து வந்த ஆமி அதைக் கேட்க...

தெருவிலிருந்த வீடுகள் எல்லாவற்றையும் காலி செய்தார்கள்.

"மே காகேத?" என்றார் அதிகாரி. யாருடையது?

"மகே" என்றேன். என்னுடையது.

அடையாள அட்டையைப் பார்த்தார். யாழ்ப்பாணம். செருப்பைப் பார்த்தார். வயர். நீங்களே சொல்லுங்கள், எந்த ஆமிக்காரன் நம்புவான்? உண்மையாகவே பயந்துபோனேன். இப்படி ஜீப்பில் ஏற்றப்பட்டுத் திரும்பி வராதவர்களை எனக்குத் தெரியும்.

ஹாஜியார் முன்னால் வந்து, இது வருத்தக்காரரின் செருப்பு என்று சிங்களத்தில் மன்றாடினார். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "அப்படியென்றால் போட்டுக்கொண்டு நட" என்றார்.

எல்லோரும் மதிலுக்குப் பின்னால் போனார்கள். நான் போட்டேன். கீ... கீ... என்று தெருமுனை வரை போய்த் திரும்பினேன். வெடிக்கவில்லை. அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரிக்காத ஒரே ஆள் கமிலா. அவள் தெருவைப் பார்த்தபடி நின்றாள். வீடுகளிலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்த சனம் முழுக்க வெறுங்கால். ஒவ்வொரு வாசலிலும் செருப்புக் குவியல். ஹாஜியாரின் மனைவிக்கு அவள் கொடுத்த சோடியும் அங்கேதான் கிடந்தது.

"வீட்டுக்குள் இதைப் போடுவதில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வழக்கம்போல் நான்தான் மொழிபெயர்த்தேன்.

"அல்லாஹ்வே! ஊட்டுக்குள்ள யாரு மகள் செருப்பு போடுற?" என்றார் ஹாஜியாரின் மனைவி.

"நான் வரும்போதெல்லாம் போட்டிருந்தீர்களே!"

"நீங்க வெளிநாட்டு ஆள்தானே... ஒரு மரியாதைக்கு."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டிலும் இதே கூத்துத்தானே! அவள் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டாலே மனைவி, "கெதியாச் செருப்பைக் கொழுவுங்கோ" என்பாள். படித்த பிள்ளைக்கு முன்னால் வெறுங்காலோடு நிற்பது வெட்கமாம். ஊர் முழுக்கச் சேர்ந்து மரியாதை செய்தே அவளுடைய ஆராய்ச்சிக்குக் குழி தோண்டியிருக்கிறோம்.

கமிலா படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்தாள். "எங்கள் ஊரில் வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்தால் அம்மா அடிப்பாள், அங்கிள். இவ்வளவு மாதமும் நான் உங்கள் வாசல்படிகளை அல்லவா ஆராய்ச்சி செய்திருக்கிறேன்!" கண் கலங்கிவிட்டது. பாவமாக இருந்தது எனக்கு.

"எழும்புங்க மகள், புரியாணி ஆறுது" என்றார் ஹாஜியார்.

ஒவ்வொருவராக வாசலில் கிடந்த கால்மிதி மெட்டில் இரண்டு காலையும் ஊன்றித் துடைத்துக்கொண்டு உள்ளே போனோம். கமிலா அசையவில்லை. மெட்டையே பார்த்தாள்.

"அங்கிள், திரும்பி வாருங்கள். இன்னொரு தடவை மிதியுங்கள்."

மிதித்தேன்.

"எல்லா வீட்டிலும் இப்படித்தானா? வெறுங்காலோடா? இரண்டு காலுமா?"

"பின்னே?"

அன்று புரியாணி ஆறியே போனது.

இரவோடிரவாக என் செருப்பைப் பிய்த்து, கருவிகளை எங்கள் வாசல் மெட்டுக்கு அடியில் தைத்துவிட்டாள். ரிசல்ட் நேரத்துக்குப் போனது. இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். "சப்பாத்துக் கடையில மெட் வித்தா என்ன மாஸ்டர்?" என்று என்னிடம் கேட்டு ஹாஜியாரும் தயாராகிவிட்டார்.

அந்த மெட் முதலில் பிடித்தது யாரை? என்னைத்தான். வலது பெருவிரலுக்குக் கீழே அளவுக்கு மீறி அழுந்துகிறதாம், உடனே டொக்டரிடம் போகட்டாம்.

"எனக்கு ஒன்றும் நோகவில்லையே" என்றேன்.

"அதுதான் பயம், அங்கிள்" என்றாள்.

போனேன். தோலுக்கு அடியில் புண் பழுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டொக்டர்.

ஆகவே, இதை எழுதுகிறவனுக்கு இன்றைக்கும் பத்து விரல்கள் இருக்கின்றன — காலில் சொல்கிறேன்.