வாயு மூலைக்குக் கருப்புக் கல்

கல்லில் ஆண் கல், பெண் கல் என்று இருக்கிறதாம். நான் இதைத் தெரிந்துகொண்டது நாலாம் வகுப்புப் படிக்கும்போது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. கோவில்பட்டியில் மதுரை ரோட்டோரம் இருந்த ஒரு கல் கடையில், மண்டை காயும் வெயிலில், வாஸ்துக்காரர் ஒருவர் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக்கொண்டு சாத்திவைத்த பலகைக் கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டபடி சொன்னார். மணி மாதிரி கணீரென்றால் ஆண். வெண்கலத் தாளம் மாதிரி இழுத்துக்கொண்டு ஒலித்தால் பெண். சத்தமே வரவில்லையென்றால் வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது, வாசலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். அப்பா பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாக் கல்லும் டொக்கு டொக்கென்றுதான் கேட்டது.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் ஊரில் அப்போது வாஸ்துக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. நன்றாக இருந்த வாசலை அடைத்துவிட்டுச் சுவரை உடைத்து வேறு பக்கம் வாசல் வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசுகளுக்கு மெழுகும் அட்டையும் வாங்கி விற்கிற வியாபாரம். அது ஓரளவு ஓடத் தொடங்கியதும் ஊருக்கு மேற்கே இடம் வாங்கினார். கரிசல் மண் என்பதால் ஆழத் தோண்டி, லாரி லாரியாக மணல் கொட்டி அஸ்திவாரம் போட்டார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. சுவர் எழும்பித் தரைக்குக் கல் வாங்கப் போகும் நேரத்தில் யாரோ இந்த வாஸ்துக்காரரைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன்னால் அவர் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேசும்போது விரல்கள் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டே இருக்கும்.

கல் கடைக்குப் போய்வந்த பிறகு அப்பாவும் நாணயத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். வாடகை வீட்டு வாசற்படியைத் தட்டினார். அம்மியைத் தட்டினார். ஒருநாள் கணக்கில் முட்டை வாங்கி வந்தபோது என் தலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே வரலியேட்டி, ஒன்ன வெளியிலதான் போடணும்" என்றார். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அத்தைகூடச் சிரித்தாள்.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கல் கதை நகராது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. நாகலாபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம் தை பிறந்த கையோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. மாமாவோடு சண்டை என்று சொல்லியிருந்தார்கள். எனக்கும் என் தம்பிக்கும் தினமும் சண்டை நடப்பதால் அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. அப்பாவுக்கு ஒரே கவலை, அக்கா எப்படியாவது புருஷன் வீடு போய்ச் சேர வேண்டும். "நாலு பேர் கேக்காங்க, நான் என்ன பதில் சொல்லுதது" என்று சாப்பிடும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். அத்தை ரசம் ஊற்றுவாள்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது. புளி கரைப்பதில் ஆரம்பித்துத் துணி காயப்போடுவது வரை ஆகாது. "மதினி, இது என்ன குழம்பா, குளத்துத் தண்ணியா?" என்பாள் அம்மா. "ஒன் புருஷன் சின்னதுல இந்தக் குளத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் வளந்தான்" என்பாள் அத்தை. அத்தை போய்விட்டால் அம்மாதான் முதலில் சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்திருந்தேன். தெருவே அப்படித்தான் நினைத்திருந்தது.

புது வீட்டில் அத்தைக்கென்று ஒரு அறை விட்டிருந்தார்கள். பின்பக்கம், வடமேற்கு மூலை. அதை வாயு மூலை என்றார் வாஸ்துக்காரர். கல் கடையில் அந்த அறைக்கு என்ன கல் போடலாம் என்று பேச்சு வந்தபோது அப்பா தயங்கித் தயங்கி அக்காவின் விஷயத்தைச் சொன்னார். வாஸ்துக்காரர் முகம் பூரித்துவிட்டது.

"அண்ணாச்சி, சரியான எடத்துலதான் வச்சிருக்கீங்க. வாயுன்னா காத்து. அங்கன இருக்கவங்க நிலைக்க மாட்டாங்க. விருந்தாளிய, கல்யாணத்துக்கு நிக்கிற பொம்பளப் புள்ளைய எல்லாம் அந்த மூலையிலதான் தங்கவைக்கணும், சட்டுனு கெளம்பிருவாங்க. ஆனா லேசான கல்லாப் போடணும். வெள்ளை மார்பிள் போடுங்க. கருப்புக் கடப்பாக்கல்லு, கருங்கல்லுன்னு கனமாப் போட்டீங்கன்னா, இருக்கவங்கள அசைக்கவே ஏலாது."

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கல்லில் லேசான கல் எது? ஒரு வெள்ளைத் துண்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கருப்புத் துண்டைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டும் கையை இழுத்தன. கருப்பைக் காலில் போட்டுக்கொண்டு அழுததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எனக்கு யாரிடமாவது கேட்டால்தான் தீரும் என்று இருந்தது.

"அத்தே, வெள்ளைக் கல்லுல படுத்தா நீங்க மாமா வீட்டுக்குப் போயிருவீங்களாம். கருப்புக் கல்லுல படுத்தா போகமாட்டீங்களாம். எப்படி அத்தே?"

தேங்காய் துருவுவது நின்றது.

"ஏட்டி, யாரு சொன்னா?"

"வாஸ்து சார்தான். அப்பா வெள்ளைக் கல்லு சொல்லிட்டாவ."

அத்தை திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். மனப்பாடப் பாட்டு மாதிரி அதையும் சொன்னேன். அம்மா அரிசிப் பானையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

அத்தை எங்கள் வீட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்டவள் இல்லை. தீபாவளிக்கு என்ன சேலை வேண்டும் என்று கேட்டால்கூட "எது எடுத்தாலும் சரி" என்பாள். மறுநாள் அப்பா செருப்பு மாட்டும்போது வாசலுக்கு வந்து நின்று, "தம்பி, என் ரூமுக்கு மட்டும் கருப்புக் கல்லுப் போட்டுருப்பா" என்றாள்.

அப்பா முதலில் என்னைத்தான் முறைத்தார். பிறகு, "யக்கா, ஒன் நல்லதுக்குத்தான செய்யுதேன்" என்றார்.

"எனக்கு வெள்ளை வேண்டாம்ப்பா. கண்ணு கூசும்."

"நாலு நாள்ல பழகிரும்."

அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். ஒரு கல்லுக்கு ஒரு பெரிய மனுஷி சாப்பிடாமல் இருப்பாளா? என் தம்பி ஐஸுக்கு அப்படி இருப்பான், அதில் ஒரு நியாயம் உண்டு. கல்லை நக்கவா முடியும்?

அடுத்த வாரம் அப்பா மெழுகு வாங்க வெளியூர் போனார். அவர் பஸ் ஏறின மறுநாள் அம்மா தூக்குவாளியில் காப்பியை ஊற்றிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு புது வீட்டுக்குப் போனாள். கொத்தனார் கூடத்தில் கல் பதித்துக்கொண்டிருந்தார். அம்மா காப்பியை ஊற்றிக் கொடுத்து, அவர் ஒரு வாய் குடிக்கும் வரை காத்திருந்தாள்.

"கொத்தனாரே, அந்தப் பின்ரூமுக்கு வெள்ளை வேண்டாமாம். கடப்பாக்கல்லுப் போடச் சொல்லி அவிய போன் பண்ணுனாவ."

"வாஸ்து சாரு வெள்ளைதான சொன்னாரு?"

"அவரே மாத்திட்டாராம். இருக்கதுலயே தடிமனானதாப் பாத்துப் போடுங்க."

எங்கள் வீட்டில் அப்போது போனே கிடையாது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். பொய் சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான். எனக்குக் கோபமாக வந்தது. வீட்டுக்குத் திரும்பினால், வழக்கம்போல இவளும் அத்தையும் உப்புக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தையிடம் இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை.

வாங்கி வந்திருந்த வெள்ளைக் கல்லைக் கொல்லையில் துவைக்கிற இடத்தில் போடச் சொல்லிவிட்டாள் அம்மா. கோவில்பட்டியிலேயே மார்பிள் கல்லில் அழுக்குத் துணி அடித்துத் துவைத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். ஊரிலிருந்து வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, மிச்சம் விழுந்த கல்லாக்கும் என்று விட்டுவிட்டார். பின்ரூமை அவர் எட்டிப் பார்ப்பதற்குள் அதில் கலவை இறுகுவதற்காகச் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அப்புறம் பந்தல் சாமான், பாத்திரம் என்று அடுக்கிவிட்டார்கள்.

பால் காய்ச்சுகிற நாள் வந்தது. காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டியில் மாமா இறங்கினார். கூடவே இரண்டு பெரியவர்கள், ஒரு வாழைத்தார், ஒரு லட்டுப் பெட்டி. அப்பா ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் கண் கலங்கியிருந்தது. அழைத்தும் வரமாட்டார் என்று நினைத்தவர் வந்துவிட்டாரே!

வாஸ்துக்காரர் பந்தியில் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். "பாத்தீங்களா அண்ணாச்சி? கல்லு காய்றதுக்குள்ள வேலையக் காட்டிருச்சு!"

எனக்குத் தலை சுற்றியது. அந்த அறையில் இருப்பது கருப்புக் கல். அப்படியென்றால் மாமா வந்திருக்கவே கூடாது. ஒருவேளை மாமா வரலாம், அத்தை போகக் கூடாது என்பதுதான் கணக்கோ? இல்லை, துவைக்கிற கல் வெள்ளையாக இருப்பதால் அது இழுத்துக்கொண்டு வந்துவிட்டதோ? கேட்கலாம் என்றால் அம்மா கண்ணாலேயே என்னை அடக்கி வைத்திருந்தாள்.

"யக்கா, அத்தான் கூப்பிட வந்திருக்காவ. கெளம்பு" என்று அப்பா பின்ரூமுக்குப் போனார். பின்னாலேயே பெரியவர்கள், வாஸ்துக்காரர், நான். அத்தை ஜமுக்காளத்தின் மேல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல தம்பி."

"நல்ல நாளும் அதுவுமா இப்படிச் சொல்லாதக்கா. எந்திரி" என்று அப்பா குனிந்து ஜமுக்காளத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அத்தை நகராததால் அது பாதிதான் வந்தது. அடியில் கன்னங்கரேலென்று தரை தெரிந்தது.

வாஸ்துக்காரரின் விரல்கள் முதல்முறையாகத் தட்டுவதை நிறுத்தின. அப்பா தரையையே பார்த்தார். அத்தையும் பார்த்தாள். சாமான்களை அன்றைக்குக் காலையில்தான் ஒதுக்கி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும்.

"யாரு மாத்துனது?" என்று அப்பா கத்தினார்.

அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள். "நான்தான்."

"ஒனக்கும் அக்காவுக்கும்தான் ஆகவே ஆகாதே?"

"ஆகாதுதான். அதுக்கு?"

"அதுக்கான்னா? அவ வாழ்க்கை இது!"

"அவுக போயிட்டா எனக்கு மாவு ஆட்டுதது யாரு? நீங்களா வந்து ஆட்டுவீங்க?"

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமாவோடு வந்த பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள். அதற்கு மேல் பஞ்சாயத்துப் பேச யாருக்கும் முகம் இல்லை. வாஸ்துக்காரர் மட்டும், கல்லைப் பெயர்த்துவிட்டு ஆடி கழித்துப் பார்க்கலாம் என்றார். அம்மா அவரைப் பார்த்து, "மொதல்ல என்னப் பெயர்த்துட்டு அப்புறம் கல்லுக்கு வாங்க" என்றாள். மாமா பாயசம்கூடக் குடிக்காமல் காரில் ஏறினார்.

எனக்கு அம்மா மேல் ஆத்திரமான ஆத்திரம். அப்பா பாவம், அத்தையின் நல்லதுக்காக ஓடாய்த் தேய்கிறார். இவள் மாவு ஆட்ட ஆள் வேண்டும் என்பதற்காக அத்தையைக் கல்லில் ஒட்டி வைத்துவிட்டாளே! இப்படியும் ஒரு சுயநலமா என்று அன்று முழுக்க அவளோடு பேசாமல் திரிந்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புதுக் குளியலறைக்கு இன்னும் தாழ்ப்பாள் மாட்டவில்லை. உள்ளே யாருமில்லை என்று நினைத்துக் கதவைத் தள்ளிவிட்டேன். அத்தை மணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா பின்னால் குத்தவைத்து, அவள் முதுகில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்றைக்கும் ஒரே தட்டில் சேராத இரண்டு பேர். முதுகு முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கருப்பு வட்டங்கள். பீடி முனை அளவுக்கு, வரிசையாக. அம்மாவின் விரல் ஒவ்வொன்றின் மேலும் அழுத்தாமல் போய்க்கொண்டிருந்தது.

"என்ன அத்தே இது?"

அத்தை சேலையை இழுத்து மூடினாள். "வடை சுடும்போது எண்ணெய் தெறிச்சிட்டுட்டி. அப்பாட்ட சொல்லாத, என்ன?"

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இனிமே அத்தைய வடை சுடச் சொல்லாதம்மா" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தை அதிகமாகச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. பெரியவர்களைச் சிரிக்கவைத்துவிட்ட பெருமையில் நான் தம்பியிடம் சொல்ல ஓடினேன். வடைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு முதுகில் எப்படி எண்ணெய் தெறிக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.