ஏலக்காயோடு காய்ந்த போன்

இன்று காலை போடியில் போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். அப்டேட் போட்ட நாளிலிருந்து என் போனில் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது.

எனக்கு முன்னால், போடிமெட்டுப் பக்கமிருந்து ஜீப்பில் இறங்கி வந்த எஸ்டேட் அக்கா ஒருவர். போனைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் கடை முழுக்க ஏலக்காய் வாசம்.

“மழையில நனஞ்சிருச்சுண்ணே. தீ மூட்டி ஏலக்கா காயவைக்கிற ஸ்டோர்ல, காயோட சேத்து தட்டுல வச்சுட்டோம்.”

கடைக்காரர் போனைத் திருப்பினார். அந்தச் சூட்டில் பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்திருந்தது.

“போர்டே போச்சுக்கா. புதுசுதான் வாங்கணும்.”

“மக கல்யாணப் படம் பூராம் இதுலதாண்ணே இருக்கு.”

“எடுக்க முடியாதுக்கா.”

அக்கா பிளந்த மூடியை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“புதுசு வாங்குனா அதாச்சும் ஒழைக்குமா?”

கடைக்காரர் என்னைக் கைகாட்டினார். “இந்த அண்ணே போன வருசந்தான் புதுசு வாங்குனாரு. அவருகிட்டயே கேளுங்க.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். கையிலிருந்த என் போன் தானாக அணைந்துபோனது.

அக்கா தன் போனை மறுபடி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார்.

அவர் போன் செத்தும் மணக்கிறது. என்னுடையது உயிரோடிருந்து என்ன கிழித்தது? உங்களுடையது எப்படி, மக்களே?