மூச்சு விடும் செடி

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ‘ஐயோ அக்கா’ என்றுதான் பெயர். வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் சொல்தானே! பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவள். ஊசி உடைந்தாலும் ஐயோ, உடையாவிட்டால் எப்போது உடையுமோ என்று ஐயோ.

அப்படிப்பட்டவளிடம் போய் எதிர்வீட்டு பஸ் டிரைவர் தன் மீன்தொட்டியை ஒப்படைத்தார். அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். மனைவி போன பிறகு அவர் வீட்டில் துணையென்று இருந்தவை அந்த நான்கு தங்கமீன்கள்தான். “மோட்டார் நின்னாலும் பதறாத தங்கச்சி, செடி மூச்சு விடும்” என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துணிமூட்டைகளுக்கு நடுவே காற்று மோட்டார் ஓடினால் தீப்பிடித்துவிடாதா? நிறுத்தினாள். இன்னும் நாலு கொத்து செடி வாங்கிப் போட்டாள். சன்னல் வெயிலில் தண்ணீர் சூடாகுமோ என்று நேற்று கறுப்பு லைனிங் துணியை இரண்டாக மடித்துத் தொட்டியை மூடியும் வைத்தாள்.

இன்று அவர் வீடு திரும்பும் நாள். காலையில் துணியை விலக்கினாள். நான்கு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மறைத்து என்ன ஆகப்போகிறது? போன் போட்டு அழுதாள்.

அவர் திட்டவில்லை. வெளிச்சம் இருந்தால்தான் செடி ஆக்சிஜன் செய்யும் என்றார். “அதுவும் நம்மள மாதிரி எந்நேரமும் மூச்சு இழுக்கும். வெளிச்சத்துல இழுக்கிறதவிட நிறைய குடுக்கும். இருட்டுல குடுக்காது, இழுக்க மட்டும்தான் செய்யும். மொதல்ல மோட்டாரப் போடு.”

ஆக, தொட்டிக்குள் இன்னும் நாலு வாயை விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறாள், பாவி! ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினாள். குமிழி கிளம்பியது. ஒரு மீன் கீழே இறங்கியது. இன்னும் இரண்டு இறங்கின. நான்காவது அசையவில்லை.

வைக்க மறந்த போனில் இரைப்புச் சத்தம் கேட்டது.

“அண்ணே, உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“படியேறிக்கிட்டிருக்கேன். கதவத் திற.”

நெஞ்சில் கை வைத்தபடி உள்ளே வந்தவர் நேரே தொட்டியருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் பக்கத்தில் நின்றாள். இருவரும் அந்த ஒரு மீனையே பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து அது வாலை ஆட்டி, மெல்லச் செடிகளுக்குள் இறங்கியது.

“அவன் போயிட்டான் கீழ” என்றார் டிரைவர். “இப்ப நீ மூச்சு விடு தங்கச்சி.”