பொம்மைக்கு வந்த அம்புலன்ஸ்

கழுத்தில் ஸ்டொப்வொட்ச் தொங்க, ஓர் ஆராய்ச்சிக்காரர் எங்கள் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். எதைக் கேட்டாலும் அந்த ஸ்டொப்வொட்சைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அம்புலன்சை வேகமாக வரவழைக்கும் புதுச் செயலியைச் சோதிக்க, நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையின் வாசலில் ஒரு பொம்மையை நோயாளியாகக் கிடத்தினார். வேடிக்கை பார்க்க ஓடிய நான் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டேன்.

அம்புலன்ஸ் வந்ததும், "சேர், என்னையும் ஏத்துங்க!" என்று கத்தினேன்.

ஸ்டொப்வொட்சைப் பார்த்தார். "ஒரு நோயாளின்னுதான் பதிஞ்சிருக்கேன். ஆராய்ச்சி கெட்டுப்போயிரும், அண்ணே."

பொம்மையோடு ஏறிப் போய்விட்டார். குறுக்குப் பாதையில் பறந்த பக்கத்து வீட்டு ஆட்டோ என்னை முதலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தது.

பின்னால் வந்திறங்கியவர் என்னைக் கண்டதும் ஸ்டொப்வொட்சைப் பார்த்தார், முகம் செத்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"கவலப்படாதீங்க சேர், பொம்மை பொழச்சுக்கும்" என்றேன்.