ஒரு கண்ணுக்குத்தான் வேண்டினேன்

மாரியம்மாவை நம்பிப் பிழைக்கிற எல்லாருக்கும் என் கும்பிடு. நான் மேடை ஏறிப் பேசியவன் இல்லை, எழுதிப் பழக்கமும் இல்லை. எலவனாசூர்கோட்டைப் பக்கம் நெல்லும் கரும்பும் வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. அதை மனிதர்களிடம் காட்டியது போதாதென்று ஆத்தாளிடமும் காட்டியிருக்கிறேன். திட்டியவனுக்கு அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஆடி மாதம். கோயிலில் கூழ் ஊற்றி முடித்த மறுநாள், என் மனைவி அஞ்சலை வலது பக்க நெற்றி எரிகிறது என்றாள். கூழ் அடுப்பின் அனல் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டோம். அதற்கு அடுத்த நாள் புருவத்துக்கு மேலே சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பின. இமை வீங்கிவிட்டது. மூக்கு நுனியில் கூட ஒரு கொப்புளம். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள், அக்கி என்று.

எங்கள் பக்கம் அக்கிக்கு யாரும் ஆஸ்பத்திரி போவதில்லை. பானை செய்கிறவரிடம் போய் அக்கி எழுதிக்கொள்வோம். அவர் செங்காவியைக் கரைத்து, கொப்புளம் உள்ள இடத்தில் சிங்கம் வரைவார். சிங்கம் அக்கியை விரட்டிவிடும் என்பது நம்பிக்கை. எழுதிய இடத்தில் தண்ணீர் படக்கூடாது. காவி தானாக உதிர வேண்டும். எனக்கே தோளில் ஒருமுறை எழுதி ஆறியிருக்கிறது, அதனால் சந்தேகம் எதுவும் வரவில்லை. அஞ்சலையை அழைத்துப்போனேன். அவர் நெற்றியில் ஒரு சிங்கமும் இமைக்கு மேலே ஒரு சிங்கமும் எழுதினார். வெற்றிலை பாக்கு தவிர எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. நல்ல மனுஷர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அஞ்சலைக்கு அந்த வலது கண் ஒன்றுதான் கண். கல்யாணமான புதிதில் கரும்புத் தோட்டத்தில் காய்ந்த இலையை, அதாவது சோகையை உரிக்கும்போது, வளைந்த கரும்பு ஒன்று விடுபட்டு இடது கண்ணில் அடித்தது. தாய்ப்பால் விட்டோம், பச்சிலை பிழிந்தோம். சிவப்பு போனது, ஆனால் கண்ணின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை கட்டியது. பூ விழுந்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்று ஊர் சொன்னது. நாங்களும் நம்பிவிட்டோம். அன்றிலிருந்து ரோட்டில் போகும்போது நான் அவளுடைய இடது பக்கம்தான் நடப்பேன். வண்டி வந்தாலும் மாடு வந்தாலும் முதலில் என்மேல் படட்டும் என்று. இதை நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

அக்கி எழுதிய பிறகு கொப்புளம் காய்ந்தது, எரிச்சல் குறையவில்லை. இமை முழுக்கக் காவி அப்பியிருந்ததால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அவளும் வாய் திறக்கிற ஆள் இல்லை. ஒரு மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள். அது தட்டுக்குப் பக்கத்தில் தரையில் கொட்டியது.

"இன்னா அஞ்சல, எங்க ஊத்தற?" என்று சத்தம் போட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "தட்டு தெரிலங்க. ரெண்டு நாளா பொகை மாதிரியே இருக்குது. நாளைக்கு சரியாப் பூடும்னு இருந்தேன்."

அந்தச் சோற்றை நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக நின்றோம். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரேதான் மாரியம்மன் கோயில். கதவு பூட்டியிருந்தது. அஞ்சலையை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் போய்க் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கும்பிடத்தான் போனேன். வாயில் வந்ததெல்லாம் திட்டு.

"உனக்குத்தான கூழ் காச்சினா? அடுப்பாண்ட நின்னு வெந்தாளே, அவளுக்கு இதான் கூலியா? ஒரு கண்ணு போனப்போ நான் உன்ன ஒன்னும் கேக்கல. ரெண்டு கண்ணும் நான் கேக்கல. ஒன்னு வுடு. அந்த ஒன்ன மட்டும் வுடு. கண்மலர் வாங்கியாந்து சாத்தறேன்."

கண்மலர் என்பது அம்மன் முகத்தில் சாத்துகிற வெள்ளிக் கண். கண் நோய் தீர்ந்தால் எங்கள் பக்கத்தில் அதைத்தான் காணிக்கையாகக் கொடுப்போம். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. நாற்பது தாண்டிய ஆம்பளை, பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் பார்க்க அழுதேன். வெட்கமாக இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் ஒரு அம்மா. அஞ்சலையைப் பார்த்ததும் மூக்கு நுனியைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். "நெத்திக்கும் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் ஒரே நரம்புதான் போகுது. இங்க கொப்புளம் வந்தா, கண்ணுக்குள்ளயும் போயிருக்குமோன்னு நாங்க பயப்படுவோம். சின்ன வயசுல அம்மை போட்டிருந்ததா? அந்தக் கிருமிதான் நரம்புக்குள்ள ஒளிஞ்சிருந்து இப்ப வந்திருக்கு. முதல்ல இந்தக் காவியைக் கழுவணும்."

அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுவ விடமாட்டேன் என்றாள். நர்ஸ் பஞ்சோடு வந்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

"எழுதின சிங்கத்த அழிச்சா அக்கி ஒடம்பெல்லாம் பரவிடும். அம்மைக் கிருமின்னு வேற சொல்றாங்க. அப்போ இது அம்மா வந்த மாதிரிதான? அம்மாவுக்கு யாராச்சும் மருந்து போடுவாங்களா? சாமி குத்தம் ஆயிடும்ங்க."

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான், மறைக்கமாட்டேன். ஆனால் காலையில் கம்பியைப் பிடித்து அழுதுவிட்டு வந்திருக்கிறேன். கேட்டதற்கு ஆத்தாள் காட்டுகிற வழி இந்தப் பஞ்சும் தண்ணீருமாக இருந்தால், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நர்ஸ் கையிலிருந்து பஞ்சை வாங்கிக்கொண்டேன்.

"அஞ்சல, நான் கழுவறேன். குத்தம்னா என் தலைல வுழட்டும். உன்மேல வராது. நான் ஆத்தாகிட்ட சொல்லிட்டுதான் வந்திருக்கேன்."

அவள் கண்ணை மூடி முகத்தை என் பக்கம் நீட்டினாள். நர்ஸ் சொல்லச் சொல்ல, வலிக்காமல் ஒத்தி ஒத்தி எடுத்தேன். நெற்றிச் சிங்கம் போனது, இமைச் சிங்கம் போனது. பஞ்செல்லாம் சிவப்பாகிவிட்டது. இமையை விலக்கியபோது உள்ளே கண்ணும் அதே சிவப்பில் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை நான் கழுவிவிட்டது அதுதான் முதல் தடவை.

மாத்திரை, சொட்டு மருந்து, களிம்பு என்று வைத்தியம் ஆரம்பித்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார், அதையும் மெதுவாகத்தான் சொன்னார். ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. வலி தீர்ந்தது, சிவப்பு தீர்ந்தது. புகை மட்டும் முழுதாகக் கலையவில்லை. ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடிப்பாள். "உங்க சத்தம் ஊருக்கே கேக்கும், எனக்குக் கண்ணு எதுக்கு?" என்று கேலி வேறு செய்வாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் அவள் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, நான் பூஜைச் சாமான் கடைக்குப் போனேன். கண்மலரை முன்னாலேயே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் ஆத்தாளுக்கு ஞாபகம் இருக்கும் என்று ஒரு அற்ப ஆசை. ஒன்று மட்டும் வேண்டும் என்று கேட்டேன். கடைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்மலர் ஜோடியாத்தாங்க வரும். ஒத்தக் கண்ணு சாத்தனா அம்மா மூஞ்சி நல்லாவா இருக்கும்?"

"நான் ஒன்னுதாங்க வேண்டிக்கினேன்" என்றேன்.

"குடுக்கறது ரெண்டாக் குடுங்க. அவ பாத்துக்குவா" என்று மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்துவிட்டாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மனசுக்குச் சரியாகப் படவில்லை. கேட்காததற்குக் காணிக்கை கொடுப்பது போல இருந்தது.

திரும்பி வந்தபோது அஞ்சலையை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். டாக்டரம்மா வலது கண்ணைப் பார்த்து முடித்துவிட்டு, டார்ச்சை இடது கண்ணுக்குக் கொண்டுபோனார்.

"அது செத்த கண்ணுங்கம்மா. அத வுடுங்க" என்றேன்.

"செத்ததா இல்லையான்னு நான் பாக்கறேன் ஐயா. நீங்க சும்மா இருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் வலது கண்ணைக் கையால் மூடிவிட்டு, வெளிச்சத்தை மேலே காட்டினார். "வெளிச்சம் எங்கேர்ந்து வருதும்மா?"

"மேல" என்றாள் அஞ்சலை.

கீழே காட்டினார். கீழே என்றாள். மூக்குப் பக்கம் காட்டினார், காதுப் பக்கம் காட்டினார். எல்லாம் சரியாகச் சொன்னாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள்.

"கருவிழி தெளிவா இருக்கு. கண்ணோட பின்பக்கமும் நல்லா இருக்கு. அன்னிக்கு அடிபட்டதுல உள்ள இருக்கற லென்ஸ் வெள்ளையாயிடுச்சு. இது புரை. எடுத்துட்டு வேற லென்ஸ் வைக்கலாம். எவ்வளவு தெரியும்னு இப்ப உறுதி சொல்லமாட்டேன். ஆனா இது செத்த கண்ணு இல்ல."

அஞ்சலை கேட்டாள்: "அப்போ இத்தினி நாளும் கதவுதான் மூடிக் கெடந்துதா?"

டாக்டரம்மா ஆமாம் என்று தலையாட்டினார். என் கை சட்டைப் பைக்குப் போனது. மஞ்சள் துணிக்குள் இரண்டு கண்ணும் இருந்தன. நான் கேட்காததை ஆத்தாள் முன்னாலேயே கணக்கில் வைத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு அப்படித்தான்.

வலது கண் நன்றாக அடங்கிய பிறகு, தை மாதம் இடது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த காலையில் நான் அவள் எதிரே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. என் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. அவள் கண்ணைச் சுருக்கினாள், கொட்டினாள், என்னையே பார்த்தாள்.

"பித்தான மாத்திப் போட்டுக்கினு வந்திருக்கீங்களே. யாரும் சொல்லலியா?"

குனிந்து பார்த்தேன். ஆமாம். நான் அழ, அவள் எழுந்து வந்து என் பித்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். வெளியே வந்ததும் மேற்கே பார்த்து நின்றாள். கல்வராயன் மலை இத்தனை நீளமா என்று கேட்டாள். வலது கண்ணில் இன்னும் லேசான புகை இருக்கிறது. அது இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். செத்ததென்று நாங்கள் தள்ளிவைத்த கண்தான் இன்று எங்கள் வீட்டில் அரிசியில் கல் பொறுக்குகிறது.

அக்கி எழுதியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சண்டை போடப் போகவில்லை. அவர் காதுகொடுத்துக் கேட்டார். முகத்தில் அக்கி என்று வருகிறவர்களை இப்போது முதலில் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறார். உங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். ஆத்தாளை நம்புங்கள். திட்டியாவது அவளிடம் பேசுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். நம்பிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போங்கள். அங்கே டார்ச்சைப் பிடிக்கிற கையும் அவள் அனுப்பியதுதான். எது செத்தது, எது செத்ததில்லை என்று நாமே முடிவு கட்டிவிட வேண்டாம்.

பங்குனியில் கண்மலர் சாத்தப் போனோம். ரோட்டில் வழக்கம் போல நான் அவள் இடது பக்கம் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அஞ்சலை நின்றாள்.

"எதுக்கு இன்னும் இந்தப் பக்கமே வர்றீங்க? ரோட்ட மறைக்கறீங்க. அந்தாண்ட வாங்க."

நான் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் போனேன். கால் பழகவில்லை, இரண்டு தரம் அவள்மேல் இடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.