கூப்பரின் வாயை அடைத்த கதை

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு பார்பிக்யூவில், கொசு வராமலிருக்க எலுமிச்சைப்புல் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். எல்லோரும் நல்ல வாசனை என்று மூக்கை விரித்தார்கள். நான் சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டேன். அந்த வாசனைக்குப் பின்னால் ஒரு நாய் இருக்கிறது. அந்த விஷயத்தில் நான் நாயைவிடக் கேவலமாக நடந்துகொண்டதால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில் நாங்கள் வீடு வாங்கிய புதிது. மகள் தியா சாப்பிடாமல் அடம்பிடித்து ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து, கூப்பர் என்று பெயரும் வைத்தாள். காலை ஏழரைக்கெல்லாம் நானும் மனைவி சுமதியும் ஆபீஸுக்கு, தியா பள்ளிக்கு. பகல் முழுக்க அது தனியாக முன் ஜன்னலில் உட்கார்ந்து, தெருவில் வரும் ஒவ்வொரு டெலிவரி வேனையும் பார்த்துக் குரைக்கும். வேனில் வந்ததில் பாதி நாங்கள் ஆர்டர் செய்த சாமான்தான்.

மாலையில் நாங்கள் இருக்கும்போதும் குரைத்தது. அதற்குச் சுமதியிடம் ஒரே வைத்தியம்தான். "பாவங்க, பசிக்குது போல" என்று ஒரு மாரி பிஸ்கட். அடங்கவில்லையென்றால் தயிர்சாதம். நம் வீடுகளில் எந்த ஜீவன் சத்தம் போட்டாலும் பசி என்றுதானே அர்த்தம்? அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற பாடத்தைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகாமலே கூப்பர் கற்றுக்கொண்டது. குரைத்துக் குரைத்து மூன்றே மாதத்தில் பீப்பாய் மாதிரி ஆனது.

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். கூப்பரின் சத்தத்துக்காக எங்கள் குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கம் அனுப்பிய கடிதம் குரைக்கவே குரைக்காது. அன்பான குடியிருப்பாளரே என்று ஆரம்பித்து மூன்றாவது வரியில் கடிக்கும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக இலை ஊதும் மெஷினை அலறவிட்ட கனவான்களுக்கு அப்படிக் கடிதம் எதுவும் போகவில்லை. அவர்கள் காதுக்கு எங்கள் கூப்பர் மட்டும்தான் சத்தம்.

பயிற்சி கொடுக்க ஒரு அமெரிக்கப் பெண்மணி வந்தார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, குரைப்பதற்கு நீங்கள்தான் பரிசு கொடுக்கிறீர்கள் என்றார். ஜன்னல் திரையை இறக்கி வையுங்கள், காலையில் அரைமணி நேரம் நடக்கவிடுங்கள், வாயை மூடியிருக்கும்போது பிஸ்கட் கொடுங்கள், ஆறு வாரம் பொறுமையாக இருங்கள். அவ்வளவுதான். அரைமணி நேரம் முன்னால் எழுந்திருக்க வேண்டும் என்றதும் எனக்கு அந்த அம்மாள்மேல் நம்பிக்கை போய்விட்டது.

இரண்டாவது கடிதம் வந்தது. இன்னொரு புகார் வந்தால் நாயை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்று. தியா அதைப் படித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் அந்த வாரப் பாட்லக்கில் நண்பர் பிரபாகரிடம் புலம்பினேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் சீனியர் ஆர்க்கிடெக்ட். நாய் வளர்த்தவரில்லை, ஆனால் கருத்துச் சொல்ல நம்மவர்களுக்கு அதெல்லாம் தேவையா? "ட்ரெய்னிங்லாம் டைம் வேஸ்ட் பாஸ். காலர் போடுங்க. நாலே நாள்ல இஷ்யூ க்ளோஸ்!" என்றார், வாயில் மசால்வடையோடு. என் சோம்பலுக்கு அவர் வாக்கு தேவவாக்காகத் தெரிந்தது.

நாயின் கழுத்தில் மாட்டும் அந்தக் காலர் வந்தது. குரைத்தால் மூக்குக்கு நேரே எலுமிச்சைப்புல் வாடையைச் சீறியடிக்கும். முதல் நாள் கூப்பர் குரைத்தது, தும்மியது, தன்னையே சுற்றிச் சுற்றி எதிரியைத் தேடியது. நான் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. நான்காம் நாள் சத்தமே இல்லை. பிரபாகருக்கு போன் செய்து நன்றி வேறு சொன்னேன். சங்கத்திலிருந்து, ஒத்துழைப்புக்கு மகிழ்ச்சி என்று மின்னஞ்சல் வந்தது.

ஐந்தாம் நாள் மாலை கராஜ் வழியாக உள்ளே நுழைந்தேன். கூப்பர் ஓடி வந்தது. வழக்கமாக என்னை வரவேற்றுக் குரைப்பதுபோல வாயைத் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டு, பின்னாலேயே நகர்ந்து, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. வேனைப் பார்த்துக் குரைப்பதும் என்னைப் பார்த்துக் குரைப்பதும் வேறு வேறு என்று அந்தக் காலருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லையே.

அன்றைக்கே கழற்றிக் குப்பையில் எறிந்தேன். கீழே உட்கார்ந்து, "குரைடா, கூப்பர், ஒரே ஒரு தடவை" என்று பிஸ்கட்டைக் காட்டிக் கெஞ்சினேன். அது பிஸ்கட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தியா, "யூ ஸ்கேர்ட் ஹிம், அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஏழு வருஷம் கூப்பர் எங்களோடு இருந்தது. ஒருநாளும் குரைக்கவில்லை.

இப்போது கூப்பர் இல்லை. தியா கல்லூரிக்குப் போய்விட்டாள். தெரு அமைதியாக இருக்கிறது, சங்கத்துக்குப் பரம திருப்தி. இந்த ஊரில் நான் வீடு திரும்பியதைத் தெருவுக்கே கேட்கும்படி கொண்டாடியது ஒரே ஒரு ஜீவன். அதன் வாயை நான்தான் அடைத்தேன்.